சின்ன இன்ஜினைப் புகழ்ந்த கதை

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டுக்காக ஒரு முடிவாவது நான் எடுப்பது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். திரைச்சீலை நிறம், கட்டில் போடும் திசை, என் மீசை எல்லாம் என் மனைவி எடுத்த முடிவுகள். இந்த இன்ஜின் மட்டும் என்னுடையது.

விஷயம் இதுதான். என் மச்சான், அதாவது அவள் அண்ணன், கார் பைத்தியம். வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறப் போகிறவர், தன்னிடமிருந்த இரண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். ஒன்று சின்ன இன்ஜின்: ஒன்றரை லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ. இன்னொன்று ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர். அது உறுமினால் பக்கத்துத் தெரு ஜன்னல்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க மாப்பிள்ளை. தங்கச்சி எதைச் சொன்னாலும் சரி" என்றார். நான் எதைச் சொன்னாலும் சரி என்று அவர் சொல்லவில்லை.

எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். உறைந்த மீன்களுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய கார் பத்திரிகைகளைப் படித்து, தானாகவே நிபுணனானவன் நான். மனசு முழுக்க அந்த எட்டு சிலிண்டர்தான். இத்தனை வருஷம் சத்தமில்லாமல் வாழ்ந்தவனுக்கு ஒரு சத்தமாவது வேண்டாமா?

திட்டம் சுலபம். நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு. ஆகவே சின்னதைப் புகழ வேண்டும்.

சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் அவள் தைத்த சட்டைக்குள்தான் இருக்கிறார்கள்.

"இந்தா பாரு, சின்ன இன்ஜின்தான் நமக்கு லாயக்கு. கனமில்லை, அடக்கம், ஒழுக்கம்."

"பெரியதுல எத்தனை சிலிண்டர்?"

"எட்டு."

"அய்யோ, சமையலுக்கே ஒண்ணு போதுமே!"

பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"அப்ப நீங்க சொல்ற மாதிரி சின்னதையே எடுத்துக்கலாம்" என்றாள்.

வாயில் நூலைக் கடித்தபடி, சர்வ சாதாரணமாக. பத்தொன்பது வருஷத்தில் முதல் சம்மதம்! கிடங்கில்கூட எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை.

"அவசரப்படாதே. சின்னதுல ஒரு குறை இருக்கு..."

"டர்போ விசிறி வேகம் பிடிக்கிற வரைக்கும், மிதிச்சதும் ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் கிளம்பும். அதானே? பரவாயில்ல, உங்களோட பழகினவளுக்கு ஒரு நொடி பெரிசா?"

ஆடிப்போனேன். "இதெல்லாம் யாரு சொன்னா?"

"நீங்கதான்."

"நானா? எப்ப?"

"போன செவ்வாய்க்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி."

"அப்ப நான் தூங்கிட்டிருப்பேனே!"

"ஆமா, தூக்கத்துலதான் நல்லா சொல்லித் தர்றீங்க. முழிச்சிருந்தா பாதியிலயே கோவிச்சுக்கறீங்க. மூணு மாசமா பட்டன் தைச்சுக்கிட்டே பாடம் கேக்கறேன். சந்தேகம் கேட்டா பதில்கூட சொல்றீங்க."

"என்... என்னென்ன சொன்னேன்?"

"'சின்னதைப் புகழ்ந்தா அவ பெரியதைக் கேப்பா'ன்னு நேத்து சொன்னீங்க. சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. தலையணையே நடுங்கிச்சு."

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "சரி, உண்மையைச் சொல்லிடறேன். நிபுணன்ங்கற முறையில என் அபிப்பிராயம் பெரியதுதான்!"

"இல்லையே. 'மனசைத் தொட்டுச் சொல்லுங்க, எது நல்லது?'ன்னு கேட்டேன். 'சின்னதுதான். பெரியதுக்கு முன்பக்கம் கனம், வளைவுல வெளியே இழுக்கும். ஆனா அந்தச் சத்தம் இருக்கு பாரு'ன்னு சொல்லி விசும்பினீங்க. எனக்கே கஷ்டமாப் போச்சு."

அது நான் பேசுகிற பேச்சேதான்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு வந்துரும். நானே ஓட்டிப்போய் சட்டையெல்லாம் கொடுத்துட்டு வந்துடுவேன்."

"ஏய், சாவி? சாவி என்கிட்டதானே இருக்கும்?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"'நீயே வச்சுக்கோ'ன்னு முந்தாநாள் நீங்கதானே சொன்னீங்க!"

வண்டி தினமும் மத்தியானம் வளைவுகளில் லாவகமாகத் திரும்பிப் போய் வருகிறது. வேறு எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்பதை, சாயங்காலம் எழுந்ததும் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.