பேஸ்கட்பால் வக்கீலின் வலது கை

அன்றைக்கு நூல் மில் மைதானத்தில் இருந்தவர்கள்: மில் மேனேஜர். அவருக்குக் குடை பிடித்த வாட்ச்மேன். நோட்டோடு கோச். என் மாமா, அக்கா புருஷன். நான். எங்கள் வக்கீல்.

தன் கட்சிக்காரனைத் தானே கவிழ்த்த வக்கீல் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். அதுவும் ஒரு தடவை இல்லை. வாராவாரம்.

திருவண்ணாமலையில் அவருக்குப் பேர் பேஸ்கட்பால் வக்கீல். ஆறடி நாலு அங்குலம். கறுப்புக் கோட்டுக்கு அளவெடுத்த தையல்காரர் தன் டேப்பையே நம்பவில்லை. "மனுசனுக்குக் கை இவ்ளோ நீளம் இருக்காதுப்பா" என்று நாலு அங்குலம் குறைத்துத்தான் வெட்டினார். வக்கீல் கடைசி வரை அந்தக் கோட்டைத்தான் போட்டார்.

மெட்ராஸில் காலேஜ் டீமில் ஆடியவர். அந்தக் காலத்தில் பேஸ்கட்பாலில் ஒரு சட்டம். தப்பாட்டம் ஆடி, ரெஃப்ரி விசில் ஊதினால், ஆடினவன் தானே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவருக்கு ஆட்டம் விட்டுப்போனது. கை விடவில்லை. முன்சீப் கோர்ட்டில் எதிர் வக்கீல் எழுந்து, "இந்தப் பத்திரத்துல தேதியைத் திருத்தியிருக்காங்க" என்பார். இவருடைய வலது கை மேலே போய்விடும்.

"என்ன வக்கீலே, ஏதாச்சும் சொல்லணுமா?" என்பார் முன்சீப்.

"இல்லீங்க ஐயா. எங்க தப்புதாங்க."

கீழ்பென்னாத்தூர் கடலை வியாபாரி ஒருத்தர் உஷாரானவர். கேஸ் கட்டுகளை எல்லாம் வக்கீலின் இரண்டு கையிலும் அடுக்கிவிட்டார். நேரம் வந்தது. வக்கீல் கட்டுகளை மெதுவாக மேஜையில் இறக்கி வைத்தார். அப்புறம் கையைத் தூக்கினார்.

அதனால் அவருக்குக் கேஸ் கம்மி. நேரம் ஜாஸ்தி. அந்த நேரத்தில் ஆட்டக்காரர்களுக்கு வக்கீலாக இருந்தார். எந்த மில்லில் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிப் போடுவார். ஊர்ப் போட்டிக்குக்கூட ஒப்பந்தம் இல்லாமல் ஆளை அனுப்ப மாட்டார். அடி அண்ணாமலையில் ஒரு நாள் கபடிக்கு ஸ்டாம்ப் பேப்பரில் மூன்று பக்கம் எழுதினார். வேகவைத்த முட்டை நாலு. தோற்றாலும் பிரியாணி உண்டு. கமிட்டித் தலைவர் படித்துப் பார்த்தார்.

"இவன் கபடி ஆட வர்றானா, நெலம் கிரயம் பண்ண வர்றானா?"

"கையெழுத்து போடுங்க. அப்பதான் அவன் காலு கோட்டுக்குள்ள வரும்."

அந்தக் கால் என்னுடையது.

நான் ஏழாவதோடு நின்றவன். அப்பா இல்லை. மில் வேலை கிடைத்தால் வீட்டில் நாலு பேர் சாப்பிடலாம். எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம், வக்கீல் ஒன்பது கடிதம் போட்டு, மில் கபடி டீமுக்கு ஆள் எடுக்கும் மைதானத்துக்கு என்னைக் கூப்பிட வைத்தார். ஒரே ஒரு சங்கடம். அந்தத் தை மாசம் ஆடும்போது என் வலது முட்டி போயிருந்தது. பஸ்ஸில் மாமா வக்கீலிடம் சத்தியம் வாங்கினார்.

"சார், உங்க கை மட்டும் கீழ இருக்கட்டும்."

"இருக்கும்பா. பாக்கெட்லயே வெச்சிக்கிறேன்."

ஆடினேன். நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். மேனேஜருக்குத் திருப்தி.

"அடிகிடி ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்க" என்றேன்.

வாட்ச்மேன் என் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். குடை சாய்ந்தது. நான் திரும்பினேன். கை கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

"வலது முட்டிங்க" என்றார் வக்கீல். "ஓடறப்ப தாங்கும். திரும்பறப்ப தாங்காது."

கோச் நோட்டை மூடினார்.

கேட்டுக்கு வெளியே மாமா பிடித்துக்கொண்டார். "யோவ், நீ எங்களுக்கு வக்கீலா, மில்லுக்கு வக்கீலா?"

வக்கீல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவு நிலை நெற்றியில் இடித்திருந்தது. தடவிக்கொண்டே சொன்னார். "மேனேஜருக்கு டிரங்கால் போட்டேன். ஒரு வருசம் எடத்தை வெச்சிருக்கறேன்னாரு. கெளம்பு, வேலூர் ஆஸ்பத்திரிக்கு."

"நான் வரல சார்."

"கோவம் என் மேலதானே? முட்டி மேல இல்லியே?"

போனேன். ஆபரேஷன் ஆனது. அப்புறம் வாராவாரம் போய்க் காலில் மணல் மூட்டை கட்டித் தூக்க வேண்டும். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுப்பார். அவர் கால் எந்த சீட்டிலும் அடங்காது. கூரைக்குக் குனிந்து நின்றபடியே வருவார். முதல் இரண்டு மாதம் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் அதே மைதானம். ஓடினேன். திரும்பினேன். முட்டி தாங்கியது. மேனேஜர் அதே கேள்வியைக் கேட்டார். ஆனால் என்னிடம் இல்லை. வக்கீலைப் பார்த்துக் கேட்டார்.

கை கீழேயே இருந்தது.

"சேத்துக்குங்க" என்றார் மேனேஜர்.

மில்லில் பதினாறு வருஷம் ஆடியும் உழைத்தும் சாப்பிட்டேன். வேலூருக்கு என்னோடு எத்தனை தடவை வந்தார் என்று வக்கீல் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்று.