முதல் அகப்பைக் கஞ்சி

மேகங்கள் ஆட்டுக்கிடை போல வந்து படுத்துக்கொள்ளும் உயரத்தில் கொண்டல் நாடு இருந்தது. அதன் எல்லையைக் காத்தது பறவைப்படை. யானைக்குட்டி அளவுள்ள கழுகுகளின் மார்பில் தோல்வாரைக் கட்டி, அதில் கால் நுழைத்து, முதுகில் அமர்ந்து வீரர்கள் பறந்தார்கள். அக்கம்பக்கத்து நாடுகளில் ஆண்டுதோறும் ஆட்கள் விழுந்து இறந்தார்கள். இந்தப் படையில் மட்டும் யாரும் விழவில்லை. அதற்குக் காரணம் கஞ்சி.

பறந்து முடித்ததும் படையினர் கஞ்சிப் பானையைச் சுற்றி உட்கார்வார்கள். அன்று தான் செய்த தவறை யார் வாய்திறந்து சொல்கிறாரோ அவருக்கே முதல் அகப்பை. "காவல் முடிச்சுத் தூங்காமக் கிளம்பிட்டேன். மேகத்துக்குள்ள கண்ணு சொக்கிடுச்சு. பறவைதான் என்னைக் கொண்டாந்து சேர்த்துச்சு" என்று கீரன் ஒருநாள் சொன்னான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாளிலிருந்து, காவல் முடித்தவர் தூங்கி எழாமல் பறக்க யாரும் விடவில்லை. அவன் மனைவி வெண்ணியும் அதே படையில் பறப்பவள். வீட்டுக்குப் போனதும் அவள் தனியாக ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள் என்பது வேறு விஷயம்.

புதிதாக வந்த வான்படை அமைச்சர் இந்தக் கஞ்சிக் காட்சியைக் கண்டு திடுக்கிட்டார்.

"தவறு செய்தவனுக்கு அரசாங்கக் கஞ்சியா? அதிலும் முதல் அகப்பையா? பகைவர் கேள்விப்பட்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

கேள்வி நியாயமாகத்தான் தோன்றியது. அன்று மாலையே ஆணை வந்தது: தவறு சொல்பவருக்குக் கஞ்சி கிடையாது. உடனே தவறுகள் ஒழிந்தன. அமைச்சர் அகமகிழ்ந்து, 'பிழையற்ற படை' என்று பொன்னெழுத்தில் எழுதிய கொடி ஒன்றை வழங்கினார்.

கொடி வந்தபின் அதன் மானத்தைக் காக்க வேண்டியதாயிற்று. பறக்குமுன் வாரை இழுத்துப் பார்ப்பது அரசு தந்த வாரைச் சந்தேகிப்பதாகும், ஆகவே குற்றம் என்று ஓர் ஆணை. நொண்டும் பறவை கொடிக்குத் தலைவணங்குவதாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று இன்னோர் ஆணை. பானையைச் சுற்றிப் பேச்சு நின்றது. கஞ்சி உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

அந்த மழைக்காலத்தில் கீரன் விழுந்தான்.

"வீரர் கீரன் தம் பறவைக்கு முன்பாகவே தரையிறங்கிவிட்டார். படையில் பிழை ஏதுமில்லை" என்று விசாரணை நடத்திய அமைச்சர் அறிவித்தார். வெண்ணி கைகட்டி நின்று கேட்டுக்கொண்டாள். கீரனின் கம்பளியை அவள் துவைக்கவே இல்லை. அதைப் போர்த்திக்கொண்டுதான் படுத்தாள்.

கீரனின் பக்கத்திலேயே எப்போதும் பறந்த எயினனுக்கு அதன்பிறகு கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. கீரன் விழுவதற்குச் சில நாள் முன்பு, மேகத்துக்குள் எயினனின் காலே வாரிலிருந்து நழுவியிருந்தது. புதிதாக வந்த வார்கள் நனைந்தால் நீண்டுவிடுகின்றன. பறவையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பினான். நனைந்த வாரை மறுபடி இறுக்காமல் விட்டது அவன் தவறு. பழைய நாளாக இருந்தால் இறங்கியதும் ஓடிவந்து சொல்லியிருப்பான், கீரனும் சிரித்துவிட்டு மறுநாள் தன் வாரை இறுக்கியிருப்பான்.

அடுத்து கொடிநாள் அறிவிக்கப்பட்டது. அரசர் பார்க்க, படை முழுவதும் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வர வேண்டும். கொடியேந்தி முன்னால் வர வேண்டியவள் வெண்ணி, அதுவும் கீரனின் பறவையில். "தியாகியின் மனைவி பறந்து வந்தால் மக்கள் கண்கலங்குவார்கள்" என்றார் அமைச்சர்.

கொடிநாளன்று மட்டும் பறக்குமுன்பே, காலையில் கஞ்சி. பரிமாறும் முறை வெண்ணிக்கு வந்திருந்தது. அரசரும் அமைச்சரும் பார்வையிட வந்து நின்றார்கள். வானம் மூடிக் கிடந்தது. எயினன் எழுந்தான்.

"தங்கச்சி, அந்த வாரு நனைஞ்சா நீண்டுடும். மறுபடி இறுக்கணும். நான் இறுக்கல. கால் நழுவிடுச்சு."

"எப்போ?"

"கீரன் விழறதுக்கு முன்னாடி."

வெண்ணி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். "அவருகிட்டச் சொன்னீங்களாண்ணே?"

"சொல்லல. கஞ்சி போயிடும்னு பயந்துட்டேன். இன்னிக்கு நீ போறே. இதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க என்னால முடியல தங்கச்சி."

"இது பிழையற்ற படை. எனவே இவர் சொல்வது நடந்திருக்க இயலாது" என்று அமைச்சர் அரசருக்கு விளக்கினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

வெண்ணி அழுதாள். அவனை அடித்துவிடுவாள் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அழுகை ஓய்ந்ததும் பானையில் அகப்பையை விட்டுக் கஞ்சி மொண்டு, எயினனின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"குடிங்கண்ணே" என்றாள்.

அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"எனக்கும் நழுவிச்சு" என்றது ஒரு குரல். "எனக்குந்தான்" என்றது இன்னொன்று. பானை காலியான பிறகும் ஆட்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்று ஒரு பறவையும் பறக்கவில்லை. அரசர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தகைய நல்ல வழக்கம் நம் அரசவைக்கும் வேண்டும்" என்றார்.

அவைக்கு வெள்ளிப் பானையே வந்தது. வெண்ணியைச் சிறப்பு விருந்தினராக அழைத்து உட்கார வைத்தார்கள். வான்படை அமைச்சர் முதலில் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, முந்தைய அமைச்சரவை செய்த தவறுகளை உருக்கமாக எடுத்துரைத்தார். முதல் அகப்பை அவருக்குக் கிடைத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, முந்தைய அமைச்சரவையின் தவறுகளையே சொல்லிக் கஞ்சி வாங்கிக் குடித்தார்கள்.

கீரன் பெயரை யாராவது சொல்வார்கள் என்று வெண்ணி கடைசிவரை காத்திருந்தாள். பிறகு எழுந்து வெளியே போனாள். மழை வரும்போல் இருந்தது. படையில் எல்லோருடைய வாரையும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.