எச்ச ஆய்வுக் குழுவும் ஒரு தேன்கிளியும்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கு அடுத்தபடியாக மனிதகுலத்தின் மகத்தான நாள், எங்கள் பறவைப் பூங்காவில் எச்ச ஆய்வுக் குழு கூடிய நாள்தான். அடியேன் அதன் செயலாளர்.

தேன்சிட்டு தேன் குடிக்கிறபோது கூடவே ஒட்டிவரும் மகரந்தத்தை ஏதோ விழுங்கிவைக்கும். தேன்கிளி அப்படியல்ல, நாக்கு நுனியில் தூரிகையே வைத்திருக்கிறது, பூவை வழித்து நக்கிவிடும். மகரந்தத்தின் ஓடு கெட்டியானது. உள்ளே இருப்பது செரித்தால் எச்சத்தில் வெற்று ஓடு வரும். செரிக்காவிட்டால் போனது போனபடியே வந்து சேரும்.

எங்கள் இயக்குநர் ‘இயற்கை உணவுப் புரட்சி’ அறிவித்தார். பூங்காவின் ஒரே தேன்கிளிக்குச் சர்க்கரைத் தண்ணீர், பழம் எல்லாம் நின்றன. டப்பாவில் வாங்கிய மகரந்தப் பொடி மட்டுமே உணவு. எச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தோம். அடேங்கப்பா! பத்துக்கு ஒன்பது வெற்று ஓடு! உடனே கிளிக்கு ‘செரிமானச் சிகரம்’ என்று பட்டம் கொடுத்துப் படம் எடுத்தோம். கிளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. என்ன அடக்கம்!

பூங்காவின் டாக்டரம்மாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

“சார், கிளி எலும்பும் தோலுமா கெடக்கு. இன்னிக்கே சர்க்கரைத் தண்ணி குடுக்கலன்னா செத்துடும்.”

“பத்துக்கு ஒன்பது செரிச்சிருக்கும்மா! இன்னும் என்ன வேணும்?” என்றார் இயக்குநர்.

“டப்பாவுல இருக்கிற பொடியைப் பாத்தீங்களா?”

“அது உள்ள போறது,” என்றேன் கண்டிப்பாக. “எங்க அதிகாரம் வெளிய வர்றதுக்கு மட்டும்தான்.”

டாக்டரம்மா டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். டப்பாவிலேயே பத்துக்கு ஒன்பது வெற்று ஓடு! கிளி உமியைத் தின்று உமியைப் போட்டிருக்கிறது.

“அடப்பாவிகளா!” என்று ஓடிப்போய் அதன் அலகில் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தது. எனக்கே போன உயிர் திரும்பி வந்தது.

“பட்டம் குடுத்தாச்சே, இப்ப என்னய்யா பண்றது?” என்று இயக்குநர் கையைப் பிசைந்தார்.

குழு அவசரமாகக் கூடியது. ‘இக்கிளி, உண்பதற்கு முன்பே உணவைச் செரித்துவிடும் அபூர்வ ஆற்றல் படைத்தது’ என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். ஆய்வில் சர்க்கரை கலந்த குற்றத்துக்காக டாக்டரம்மாவிடம் விளக்கம் கேட்டோம்.

ஒரு பிடி உமியைச் செரிக்க முடியாமல் அந்தக் கிளி சாகக் கிடந்தது. அந்தத் தீர்மானத்தை நாங்கள் அத்தனை பேரும் டீயோடு விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனோம். ஒருவருக்கும் ஒரு புளிச்ச ஏப்பம்கூட வரவில்லை.