மூணு ஃபேன் கார்டு

இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியைக் கேட்கப் போவதில்லை என்று ஸ்டுடியோக்காரர் முடிவு செய்தார். முடிவு செய்த கையோடு, அவள் பக்கத்தில் எங்கேயும் இல்லையே என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. படம் எடுப்பது அவர். எடுத்ததை வெட்டி, ஒட்டி, நிறம் திருத்தி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது அவள். அந்தக் கம்ப்யூட்டருக்கோ வயதாகிவிட்டது. நாலு போட்டோ திறந்தால் ஐந்தாவதற்குப் பெருமூச்சு விடும். பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவைப் பத்து நாளில் கொடுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த வருஷத்து வேலை முழுவதும் அடுத்த தெரு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் இவரைக் கடைக்கு விரட்டியது.

அந்த அடுத்த தெருக்காரர், கம்ப்யூட்டரில் படங்களை வேகமாக ஓட்ட, புதிதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தார். மூன்று ஃபேன். சிவப்பும் நீலமுமாக விளக்கு வேறு. ஒரு பெட்டிக்குள் ஓர் ஊர்வலமே போவது மாதிரி இருந்தது.

"எனக்கும் அதே வேணும்" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம்.

"உங்க வேலைக்கு அது பெருசுண்ணே. அது விளையாடறவங்க வாங்கறது."

"பெருசா இருக்கட்டும்னுதானே கேக்கறேன்."

"அக்கா ஒத்துக்கிட்டாங்களா?"

ஸ்டுடியோக்காரர் தொண்டையைச் செருமினார். "அவகிட்ட சின்ன கார்டுன்னு சொல்லிடுங்க. பெட்டியை மூடிட்டா உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப் போகுது?"

முழுத் தொகையையும் அங்கேயே கட்டிவிட்டு, கார்டைப் பொருத்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையும் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன கார்டுங்க சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"சின்னதுதாம்மா. நமக்கு எதுக்குப் பெருசு?"

"நல்லதுங்க."

அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி வரவில்லை. இரண்டாவது கேள்வி வராத வீட்டில் புருஷன் பயப்பட வேண்டும். இந்த மனுஷர் சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் நாள் பெட்டி வந்தது. கூடவே புத்தம் புது ஸ்க்ரீன் ஒன்றும் வந்தது. போனில் கேட்டதற்கு, "அந்தக் கார்டோட இலவசமா வருதுண்ணே" என்றார் கடைக்காரர்.

"சின்ன கார்டுக்கே ஸ்க்ரீன் குடுத்துட்டாங்க பாரு" என்று மனைவியிடம் அளந்துவிட்டார்.

"உங்க முகராசிங்க" என்றாள் அவள், ஸ்க்ரீனைத் துடைத்தபடி.

அன்றைக்கு அவள் வேலைக்கு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் பறந்தது. ஐம்பது போட்டோவை ஒன்றாகத் திறந்தாள்; ஒரு முனகல் இல்லை. முன்பெல்லாம் பாதி நாளைத் தின்ற வீடியோ, அவர் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்து நின்றது. ஸ்டுடியோக்காரர் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தடவியதில்லை.

"பாத்தியா, எப்படிப் போகுது!"

"ஆமாங்க. சின்ன கார்டுக்கே இவ்வளவு வேகம்னா, பெருசு வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நிஜமாகவே கடித்துக்கொண்டார், சாயந்திரம் வரை வலித்தது.

வீடியோ இரண்டு நாள் முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீருடை நீலம் இந்த வருஷம்தான் நீலமாகவே தெரிகிறது என்றார் தலைமை ஆசிரியை. அடுத்த வருஷத்து வேலையும் இவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே அடுத்த தெருக்காரர் வந்தார். "தங்கச்சி இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

"அவ இருக்கட்டும். நீங்க இதைப் பாருங்க. உங்களுக்கு மட்டும்தான் மூணு ஃபேன்னு நெனச்சீங்களா?"

ஸ்டுடியோக்காரர் திருப்புளியை எடுத்தார். பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கார்டு இருந்தது. அதில் ஒரே ஒரு ஃபேன், சாதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கும் இல்லை, ஊர்வலமும் இல்லை.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினார்.

"கார்டு எங்க?" என்றார் கிசுகிசுப்பாக.

"நீங்க கடைப்படி இறங்கினதும் கடைக்காரர் எனக்குப் போன் பண்ணிட்டார்."

"ஏன்?"

"கம்ப்யூட்டர்ல உக்கார்றது நான்தான்னு அவருக்குத் தெரியும். நம்ம விழா வீடியோவுல பத்து நிமிஷத்தை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனேன். பெருசுல ஓட்டிப் பார்த்தேன், சின்னதுல ஓட்டிப் பார்த்தேன். வித்தியாசம் ஒரு நிமிஷம்கூட இல்ல. வீடியோவை முடிச்சுக் குடுக்கற பகுதி ரெண்டு கார்டுலயும் ஒண்ணுதான். நம்மளுது தூங்கினதுக்குக் காரணம் மெமரி பத்தாததும், டிஸ்க் பழசானதும்தான். அது ரெண்டையும் மாத்தினேன். மிச்சப் பணத்துக்கு, நிறத்தை உள்ளபடி காட்டற ஸ்க்ரீன் வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சின்ன கார்டுன்னு முதல்ல சொன்னதே நீங்கதானே. நீங்க பொய் சொன்னதா ஆகிடக் கூடாதுன்னு பார்த்தேன்."

ஸ்டுடியோக்காரருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுபோன படிப்பை வைத்துக்கொண்டு இவள் கடைக்காரனையே உட்காரவைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறாளே என்று மலைப்பாகத்தான் இருந்தது.

"போய், நீங்க யோசிச்சு வாங்கினதாவே சொல்லுங்க. வந்த மனுஷர் முன்னாடி முழிக்காதீங்க" என்றாள் அவள்.

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

"என்னடா சின்னதா இருக்கேன்னு பாக்கறீங்களா? யோசிச்சுத்தான் வாங்கினேன். வீடியோவை முடிச்சுக் குடுக்கற பகுதி சின்ன கார்டுலயும் அதேதான். முதல்ல மெமரி. அப்புறம் வேகமான டிஸ்க். அப்புறம் நிறம் மாறாத ஸ்க்ரீன். கார்டு கடைசி. வெறும் விளக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது பாருங்க."

அடுத்த தெருக்காரர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். விரலை வைத்து வரி வரியாக இறங்கினார்.

"எல்லாம் சரியாத்தான் சொல்றீங்க. அன்னிக்குக் கடையில தங்கச்சி கடைக்காரருக்குச் சொல்லச் சொல்ல நானும் பக்கத்துல நின்னு எழுதிக்கிட்டேன். கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பத்தின வரியை மட்டும் நீங்க விட்டுட்டீங்க."