டம்ளர் அண்ணன் தேடிப்போன நிபுணர்

சட்டம் கற்பனையாகச் சொன்ன ஒரு மனிதரை, நிஜமாகவே எங்கேயோ இருக்கிறார் என்று நம்பி, பஸ் ஏறித் தேடிப் போனவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் டம்ளர் அண்ணன். தேடிப் போனதுகூடப் பெரிசில்லை. கண்டுபிடித்துவிட்டு வந்தார் பாருங்கள், அங்கேதான் எனக்கு வியர்த்துவிட்டது.

பரமத்தி வேலூரில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர் அவர். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டிலும், நான் டைப் அடித்த ஒரு விண்ணப்பத்திலும் மட்டும்தான் இருக்கிறது. எந்த மெஷினைப் பழுது பார்த்தாலும், கடைசியில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, ஓடுகிற மெஷின் மேல் வைப்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவார். "போதுங்கண்ணா, நல்லாத்தான் ஓடுது" என்று வீட்டுக்காரம்மா கெஞ்சினாலும் விடமாட்டார். "நீங்க சொன்னாப் போதுங்களா? டம்ளரு சொல்லோணுமுங்க" என்பார்.

ஒரு முறை நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதி இலையில் எழுந்துவிட்டார். சாம்பாரில் ஏதோ குறை என்று பெண் வீட்டார் பதறி ஓடிவந்தார்கள். இவரோ குனிந்து தரையில் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறத்தால சமையக்கட்டுல கிரைண்டருக்கு பேரிங் போச்சுங்க. இன்னும் பத்து நிமிசம் ஓடும்" என்றார். எட்டாவது நிமிடத்தில் நின்றது. பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர், அதைச் சரிசெய்துவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்திலிருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். இரண்டு நிமிடம் பிசகிவிட்டதே என்ற வருத்தம் மட்டும் முகத்தில் இருந்தது.

நான் அப்போது சேலம் சூரமங்கலத்தில், காப்புரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தேன். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர், 'இது என்னுடையது' என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்குவதற்கு உதவுகிற வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள், லாரி பாடி கட்டுகிறவர்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு டம்ளர் அண்ணன் ஒரு கிரைண்டரைத் தோளில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறி வந்தார். பஸ்ஸில் அதை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, தான் வழி நெடுக நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"எம்பட கண்டுபிடிப்பு ஒண்ணு இருக்குதுங்க சாமி. அரசாங்கத்துக்கிட்டக் காட்டோணும்."

அவருடைய கஷ்டம் இதுதான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து போன் வரும். "டம்ளருங்களா? மெஷினு கத்துதுங்க" என்பார்கள். எங்கே கத்துகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பினால், பூகம்பத்தில் எடுத்த மாதிரி எல்லாமே ஆடும். பஸ் பிடித்து ஜேடர்பாளையம் வரை போய், வாஷிங் மெஷினுக்குள்ளிருந்து ஒரு கொண்டை ஊசியை எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிய நாட்கள் உண்டு. சரி, மெஷினிலேயே ஒரு சின்னக் கேமராவைப் பொருத்திவிட்டால் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாமே என்று யோசித்திருக்கிறார். எல்லோரையும் போல ரப்பர் வைத்து, ஸ்பாஞ்ச் வைத்து, கேமரா ஆடாமல் பார்த்துக்கொண்டார். கேமரா ஆடவில்லை. மெஷின் மொத்தமும் ஆடியது. நோவு எங்கே என்று தெரியவில்லை.

"அப்பறம் என்ன பண்ணுனீங்கண்ணே?"

"ரப்பரைத் தூக்கி வீசிட்டனுங்க."

என் மேஜையிலேயே கிரைண்டரை வைத்தார். மூன்று விரல் போல மூன்று இரும்புக் கால்கள் உள்ள ஒரு பிடியை அதன் விளிம்பில் மாட்டித் திருகினார். மிக்ஸியோ கிரைண்டரோ, உருண்டையோ சப்பையோ, அந்தப் பிடி உடும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதில் கேமரா. சுவிட்சைப் போட்டார். மேஜை அதிர்ந்தது, பேனா உருண்டு கீழே விழுந்தது. செல்போன் திரையை என் பக்கம் திருப்பினார்.

நான் பார்த்ததை இப்போது சொன்னாலும் எனக்குப் புல்லரிக்கிறது. திரையில் கிரைண்டர் அசையாமல் நின்றது. பின்னால் இருந்த சுவர் ஆடியது, காலண்டர் ஆடியது, நான் ஆடினேன். கிரைண்டரில் மட்டும் எல்லாம் கல் மாதிரி நிற்க, பின்பக்கம் ஒரே ஒரு திருகாணி தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் கேமரா ஆடக் கூடாதுன்னு பாக்குறாங்க. நான் மெஷினோட சேத்து அதையும் ஆட உட்டுட்டனுங்க. ரெண்டும் ஒரே ஆட்டம் ஆடுனா, ரெண்டுக்கும் நடுவால ஆட்டமே இல்லீங்களே. அப்பவும் எது தனியா ஆடுதோ, அதுதானுங்க நோவு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நான் பி.எஸ்ஸி. இயற்பியல். எழுந்து நிற்கலாமா என்று யோசித்தேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பல மாதம் கழித்து காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தது. இரண்டு வெளிநாட்டு ஆவணங்களைக் காட்டியிருந்தார்கள். ஒன்றில், சலவை இயந்திரத்துக்குள் கேமரா. இன்னொன்றில், அதிர்கிற இடத்தில் கேமராவைப் பொருத்தும் முறை. இந்த இரண்டையும் படித்த, இந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு உங்கள் பிடி தானாகவே தோன்றிவிடும், எனவே இதைக் கண்டுபிடிப்பு என்று ஏற்க முடியாது என்பது சாரம்.

படித்துக் காட்டினேன். அண்ணன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஆருங்க அந்த ஆளு?"

"எந்த ஆளுண்ணே?"

"துறையில தேர்ந்தவருன்னு போட்டிருக்குதுல்லங்க? அவரு எந்த ஊருங்க?"

அப்படி ஒரு ஆள் கிடையாது, பரிசோதகர்கள் அளந்து பார்ப்பதற்காக மனசில் வைத்துக்கொள்ளும் ஒரு கற்பனை மனிதர் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கவர்மெண்டு பேப்பருல இல்லாத ஆளையா போடுவாங்க? உங்களுக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சாமி." பிறகு குரல் இறங்கியது. "முப்பது வருசமா அடுத்தவன் செஞ்ச மெஷினைத்தானுங்க ரிப்பேர் பண்றேன். இது ஒண்ணுதான் நான் பண்ணுனது. அதையும் எவனோ தானாப் பண்ணிருவான்னா, அவனை ஒருக்கா நேருல பாத்துப் போடோணுமுங்க."

பதில் சொல்ல ஆறு மாதம் அவகாசம் இருந்தது. அண்ணன் கிளம்பிவிட்டார். ஒரு தோளில் கிரைண்டர், மறு தோளில் பை. ஊர் ஊராக மெக்கானிக் கடை ஏறி, அந்த இரண்டு ஆவணங்களின் படங்களையும் காட்டி, ஒரே கேள்வி கேட்பார்: "இந்தக் கேமராவை இந்தக் கிரைண்டருல மாட்டோணும். நோவு எங்கன்னு தெரியோணும். எப்படி மாட்டுவீங்க?" பதிலை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். ஆளுக்கு ஒரு தாள்.

திருச்செங்கோட்டுக்காரர் சைக்கிள் டியூப் கேட்டார். ராசிபுரத்துக்காரர் தன் காலிலிருந்த ரப்பர் செருப்பையே கழற்றி, அறுக்கக் கத்தி தேடினார். குமாரபாளையத்தில் ஒருவர் உள்ளே போய்த் தலையணை எடுத்துவந்தார். லாரிப் பட்டறையில் ஒருவர் "பட்டை போட்டுரலாங்க" என்று, பத்து டன் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைக் காட்டினார். கிரைண்டரையே அதில் கட்டித் தொங்கவிடலாம். இன்னொருவர், போட்டிக் கடைக்காரன் வேவு பார்க்க அனுப்பிய ஆள் என்று நினைத்து அண்ணனை விரட்டியே விட்டார். அண்ணன் மறுநாள் டீயோடு போய் அவரிடமும் கையெழுத்து வாங்கினார்.

நாற்பது பேர். நாற்பது பேரும் ரப்பர், ஸ்பாஞ்ச், ஸ்பிரிங். ஒருவர்கூட 'இறுக்கித் திருகு' என்று சொல்லவில்லை. இல்லாத ஆளைத் தேடிப் போகிறாரே என்று நான் சிரித்தேன். அவரோ எந்த வக்கீலும் யோசிக்காத சாட்சியத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். துறையில் தேர்ந்தவர்கள் இதோ நாற்பது பேர், யாருக்கும் இது தானாகத் தோன்றவில்லை! இதற்கு மேல் என்ன வேண்டும்? "அண்ணே, ஜெயிச்சாச்சு" என்று கத்தினேன்.

"கெங்கவல்லி ஒண்ணு பாக்கி இருக்குதுங்க. அங்க ஒரு அம்மா கடை வச்சிருக்காங்களாம்."

"நாற்பது போதும்ண்ணே."

"வந்தர்றனுங்க."

மூன்றாம் நாள் வந்தார். கிரைண்டரை இறக்கி வைத்த விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நாற்பத்தோராவது தாளை நீட்டினார்.

அந்த அம்மாவின் பெயர் மல்லிகா. கேள்வி கேட்டதும் இப்படிச் சொன்னாராம்: "எதுக்குங்க ரப்பரு? இறுக்கி முடுக்கி வுடுங்க. தூளியில இருக்கிற கொழந்தய எறும்பு எங்க கடிக்குதுன்னு பாக்கணும்னா, தூளியோட நாமளும்தான் ஆடணும்."

மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன்: "அண்ணே, இந்தத் தாளை நாம பாக்கவே இல்ல."

"பாத்துட்டமே சாமி."

"நாற்பது தாள் மட்டும் அனுப்புவோம். அதுல ஒண்ணும் பொய் இல்லையே?"

"நாந்தான் அந்த ஆளு இருக்குறாரான்னு தேடிப் போனனுங்க. இருக்குறாங்க. அப்பறம் இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

நான் கெஞ்சினேன், கோபித்தேன், முப்பது வருஷத்தில் நீங்கள் செய்த ஒரே ஒன்று என்று அவர் வார்த்தையையே எடுத்து அவரைக் குத்தினேன். அதற்கு மட்டும் கண் லேசாகக் கலங்கியது. ஆனால் தலை ஆடவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். நாற்பது தாள்களை அனுப்புவது. அந்த ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கும். விசாரணையில் அதிகாரி கேட்காமல் இவராகச் சொல்லக் கூடாது.

விசாரணை வீடியோவில், என் ஆபீசிலிருந்தே, மதியம் மூன்று மணிக்கு. சென்னையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி திரையில் வந்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். கிரைண்டரை ஓடவிட்டுக் காட்டினோம். துள்ளுகிற திருகாணியைப் பார்த்ததும் அவர் மூக்கு திரைக்கு அருகே வந்துவிட்டது. நாற்பது தாள்களையும் புரட்டினார். தலையணை வந்த இடத்தில் சிரித்துவிட்டார். என் மனசில் அப்போதே மேளம் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

"மொத்தம் நாற்பது பேரைத்தான் கேட்டீங்களா?"

யாரும் கேட்க மாட்டார்கள் என்று நான் நம்பிய கேள்வி. மைக்கை அணைக்க என் கை தானாக நீண்டது. அண்ணன் அந்தக் கையைப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணுங்க. கடைசியா ஒரு அம்மா. அவங்க கரெக்டாச் சொல்லிட்டாங்க." சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, எறும்பு, தூளி உட்பட ஒரு எழுத்து விடாமல் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அப்படி ஒரு ஆளு இருக்காங்கன்னு நீங்க எழுதுனது சரிதானுங்க. தப்பா நெனச்சுப் போட்டேன்" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். எனக்கு அது ஒரு யுகம்.

"ஐயா, சட்டம் சொல்ற ஆளு சராசரியா வேலை தெரிஞ்ச ஆளு. அது உங்க நாற்பது பேர். அந்த அம்மா சராசரி இல்லை. உங்களை மாதிரி." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "அந்தத் தாளையும் அனுப்புங்க. பதிவுல இருக்கட்டும்" என்றார்.

காப்புரிமை கிடைத்துவிட்டது. சான்றிதழை அச்செடுத்து நான்தான் கொடுத்தேன். ஸ்வீட் வாங்கி வைத்திருந்தேன். அண்ணன் தாளை இரண்டு முறை பார்த்து மடித்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, "கெங்கவல்லிக்கு பஸ்ஸு எங்கீங்க நிக்கும்? நீங்களும் வாங்க சாமி, அந்தம்மாகிட்டக் காட்டிப் போட்டு வந்தர்லாம்" என்றார்.

போனோம். கடை வாசலில் மல்லிகா அம்மா ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க, இத வந்து பாருங்க" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். அண்ணன் பையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள் பாருங்கள்! ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடித்தார். "அதேதானுங்க!", "அதான நானும் சொல்றேன்!" முப்பது வருஷமாக அவர் என்ன சொன்னாலும் ஊர் தலையை ஆட்டியதே தவிர, யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை. அன்றுதான் பார்த்தேன், அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து.

சான்றிதழைக் காட்ட வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. அது என் மடியில் பைக்குள் இருந்தது. மறைத்துவிடுங்கள் என்று நான் சொன்னது இந்த அம்மாவைத்தானே என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அவரைக் கூப்பிட எனக்கு மனசே வரவில்லை.