ஏஞ்சலுக்குப் போட்ட கலவை

"இன்னாமே, ஒரு மூடியா? இத்த வச்சி எலும்பு எப்டி நிக்கும்?"

ஏசுபாதம் டானிக் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஏஞ்சல், சாயந்தரமானால் கால் வலி என்றாள். தாம்பரத்து டாக்டரம்மா கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்த டானிக் எழுதிக் கொடுத்து, "காலையில ஒரு மூடி, அதுக்கு மேல வேணாம்" என்றிருந்தார்.

மீசை முளைக்கும் முன்பே ஏசுபாதம் தலையில் சிமெண்ட் கலவைச் சட்டி ஏறிவிட்டது. முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்தே போயின. மகள் கால் அப்படி ஆகக் கூடாது.

"டாக்டரு சொன்னத மட்டும் குடுய்யா" என்றாள் மனைவி சரசு.

"சிறுசேரில நான் போடுற தூணுக்கு சிமெண்ட கொறச்சா இன்ஜினியரு வுடுவானா?"

டானிக் வந்ததில் அவனுக்கும் ஒரு சௌகரியம். வேலை விட்டு வந்து மகள் காலை அமுக்கும் வேலையை மருந்திடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்தான்.

அந்த வாரமே, "அப்பா, ரொம்ப வலிக்குதுப்பா" என்றாள் ஏஞ்சல்.

"பாத்தியா, கலவ பத்தல!"

செம்பாக்கம் மருந்துக்கடையிலிருந்து கால்சியம் மாத்திரை வந்தது. வலி முட்டிக்கு ஏறியது. மேஸ்திரி சம்சாரம் சொன்ன சத்து பவுடர் வந்தது. வலி தொடைக்கு ஏறியது. பக்கத்து வீட்டு ரத்தினபாய் தன் வைட்டமின் டி பொடியைக் கொடுத்தாள். "வாரம் ஒண்ணுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். வாரம் ஒருநாள் மட்டும் சிமெண்ட் போட்டு எழும்பிய கட்டடத்தை ஏசுபாதம் பார்த்ததில்லை. தினமும் பாலில் கலக்கினான்.

வலி இடுப்புக்கு வந்தது. கூடவே மலச்சிக்கல். அதற்கு விளக்கெண்ணெய். கடைசியில் பிள்ளை சோற்றைத் தொடாமல், தண்ணீராகக் குடித்துக் குடித்து வாந்தியெடுத்தது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். சரசு மருந்தையெல்லாம் ஒயர் கூடையில் அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

டாக்டரம்மா கூடையை மேசையில் கவிழ்த்தார். "மெடிக்கல் ஷாப் வைக்கப் போறீங்களா?"

"எலும்பு ஸ்ட்ராங்கா ஆவட்டும்னு மேடம்..."

"எல்லாத்துலயும் அதே கால்சியம், அதே வைட்டமின் டி. இந்தப் பொடி பெரியவங்களுக்கு. அளவு மீறினா கிட்னி போயிடும்ங்க. ரத்தம் எடுக்கணும்."

ஊசி குத்தியபோது ஏஞ்சல் அழவில்லை. அழுதது ஏசுபாதம்தான். கலந்து கொடுத்த கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். தேய்த்தால் போகிற கறையா அது?

ரிசல்ட்டைப் பார்த்து டாக்டரம்மா மூச்சுவிட்டார். "தப்பிச்சா. கிட்னி நல்லா இருக்கு. எல்லாத்தையும் நிறுத்துங்க." பிறகு குழந்தை பக்கம் குனிந்தார். "எங்கம்மா வலிக்குது? தொட்டுக் காட்டு."

ஏஞ்சல் அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் காதில் ரகசியம் சொன்னாள். அது வாசல்வரை கேட்டது.

"வலிக்கவே இல்ல டாக்டர். வலிக்குதுன்னு சொன்னாதான் அப்பா மடில கால் வச்சி அமுக்கும், ஸ்கூல் கதையெல்லாம் கேக்கும். மருந்து வந்ததுலேர்ந்து எவ்ளோ சொல்லியும் அமுக்க மாட்டேங்குது."