கடிரேகை கட்டாயம்

ஒரு காட்டில் பல் இருந்தவர்களுக்கெல்லாம் பல்செட் கிடைத்தது. பல் இல்லாதவனுக்குக் கிடைக்கவில்லை. நடந்த தப்பு இவ்வளவுதான். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நடுவில் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

அந்தக் காட்டுக்கு ராஜா சிங்கம். வேறு யார் இருப்பார்கள்? காய்ச்சல், இருமல், காலில் முள், இதற்கெல்லாம் அரசாங்க வைத்தியம் முன்பே உண்டு. ஒரு வருஷம் ராஜாவுக்கே கடைவாய்ப்பல் ஆடியது. மூன்று நாள் கர்ஜனை இல்லை. நான்காம் நாள் 'கூடுதல் மருத்துவச் சலுகை' என்று அறிவித்துவிட்டார். பல், கண், காது மூன்றுக்கும் இனி இலவசம். ஆற்றங்கரை வட்டத்துக்கு நாற்பது பல்செட் வந்து இறங்கியது. 'எந்த வாய்க்கும் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது.

அந்த வட்டத்தில் இருந்தான் மாசிலாமணி. வயசான கழுதைப்புலி. எலும்பு கடித்தே பிழைத்த குடும்பம். யானை எலும்பைக் கடித்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, மிச்சமிருந்த நாலு பல்லையும் ஒரே காலையில் விட்டவன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகு அத்திமரத்தடியே கதி. விழுந்த பழத்தை ஈறால் நசுக்கித் தின்றான். பருவம் முடிய இரண்டு மாதம் இருந்தது. அதற்குமேல் தின்ன ஒன்றும் கிடையாது.

பெண்டாட்டி கோமு இறைச்சியை மென்று தருகிறேன் என்றாள்.

"நான் என்ன குட்டியா?" என்று முறைத்தான். ஆணவத்துக்குப் பல் தேவையில்லை.

"அப்போ போய் வரிசையில நில்லுங்க."

"எங்கே நிக்கறது?"

"எங்கே கடைசி வால் தெரியுதோ, அங்கே."

கடைசி வால் கிளியினுடையது.

"உனக்கு எதுக்குடி பல்லு?" என்றாள் கோமு.

"இலவசமா குடுக்கிறாங்க அக்கா. வேண்டாம்னு போக நான் என்ன லூசா?"

மத்தியானம் ஆனது. கவுன்டரில் எழுத்தர் உடும்பு. பிடித்த விதியை விடாத ஆள். அந்த வட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. அதில் கடிக்க வேண்டும். பறவையானால் கொத்தலாம். அதற்குக் கடிரேகை என்று பெயர். கல்யாணமானாலும் எல்லைத் தகராறானாலும் கடித்தால்தான் செல்லும். பாட்டன் காலத்து ஏற்பாடு. யாரும் அதைத் தப்பு சொன்னதில்லை, ஏனென்றால் பல் இல்லாதவனுக்கு இதுவரை அரசாங்கம் எதையும் கொடுத்ததில்லை.

கிளி ஒரு கொத்து கொத்தியது. பல்செட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

"கடிங்க பெரியவரே."

மாசிலாமணி கடித்தான். தாள் நனைந்தது. அவ்வளவுதான்.

"ரேகை விழலையே."

"பல் இல்லை ஐயா. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"கடிக்காம நான் எப்படிக் குடுப்பேன்?"

"குடுக்காம நான் எப்படிக் கடிப்பேன்?"

"தள்ளுங்க, நான் கடிக்கிறேன்" என்று கோமு பாய்ந்தாள். கடித்தும் விட்டாள். உடும்பு தாளை மோந்து பார்த்தார்.

"பொம்பளைக் கடி. ஆள்மாறாட்டம். செல்லாது." கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் ஒன்றில் பெயர் எழுதி நீட்டினார்.

"அந்தக் கிளிக்கு எதுக்கு ஐயா பல்லு? அதைக் கேட்டீங்களா?"

"தேவையான்னு கேக்கப் படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

கோமு விடுகிற ஜாதி இல்லை. நியாயம் கேட்டு உப்புப் பாறையடியில் கூட்டம் போட வைத்தாள். வட்டத் தலைவர் மயில் தோகையை விரித்தார். பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"தலைக்கு ஒன்று. உயர்வு தாழ்வு கிடையாது. இதற்குப் பெயர்தான் சமத்துவம்!"

"பல் இருக்கிறவனுக்கும் ஒண்ணு, இல்லாதவனுக்கும் ஒண்ணு. சரி. இல்லாதவனுக்கு மட்டும் இன்னும் வரலையே, அதுக்கு என்ன பேரு?" என்றாள் கோமு.

முதலை எழுந்தது. புதுப் பல்செட்டைப் பழைய பல்லுக்கு மேலேயே மாட்டியிருந்தது. வாய் மூடவில்லை.

"எனக்கு அறுபத்தாறு பல்லு. அறுபத்தாறு இடத்துல வலி வரலாம். இவருக்கு வலிக்க வாயில என்ன இருக்கு? பல் நோயே வராத ஆளுக்குப் பல் வைத்தியமா? கேக்கறவன் சிரிக்க மாட்டான்?"

கூட்டம் கைதட்டியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஆமை மெதுவாகக் கழுத்தை நீட்டியது. "அந்தக் கட்டத்தை எடுத்துட்டா என்ன?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு யோசனையை அங்கே யாரும் கேட்டதில்லை. உடனே அதை ஆராயத் துணைக்குழு போட்டார்கள். தலைவர் ஆமையே. அறிக்கையோடு கிளம்பிவிட்டது என்று கேள்வி. வந்துகொண்டிருக்கும்.

மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டான். கழுதைப்புலி அழுதாலும் சிரிப்பாகத்தான் கேட்கும். உடும்பு குறிப்பேட்டில் எழுதினார்: 'மனுதாரர் மகிழ்ச்சி தெரிவித்தார்.'

மறுநாள் கோமு அந்தக் கடிக்காத படிவத்தைக் கவுன்டரில் வைத்தாள்.

"குறையுள்ள மனு. எடுத்துக்க முடியாது."

"எடுத்துக்க வேண்டாம். கிடக்கட்டும். இவர் பட்டினி கிடக்கலையா, அந்த மாதிரி."

அலுவலகத்தின் பின்மூலையில் குறையுள்ள மனுக்களுக்கு என்று ஓர் இடம். மண்தரை. உடும்பு திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கே எறிந்தார். மழை பிடித்தது. மூலை ஈரமானது. ஒரு அதிகாரியும் அந்தப் பக்கம் போகவில்லை.

அத்திமரம் ஓயத் தொடங்கியது. ஒரு நாள் பதினோரு பழம். இன்னொரு நாள் நாலு. பிறகு ஒன்றே ஒன்று, அதிலும் பாதி எறும்பு தின்றது. மாசிலாமணியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. 'கடிக்க எலும்பு எலும்புன்னு கேட்டீங்களே, இந்தாங்க' என்று கோமு கேலி செய்தாள். அப்புறம் தனியாகப் போய் அவளும் சிரித்தாள். அது சிரிப்பு இல்லை. முன்பே சொல்லிவிட்டேன்.

மாதக் கடைசி. ராஜாவின் தணிக்கைக் கழுகு மறுநாள் வருவதாகச் செய்தி. உடும்பு அலமாரியைத் திறந்தார். முப்பத்தொன்பது போயிருந்தது. ஒன்று இருந்தது. மிச்சம் வைத்தால் இந்த வட்டத்துக்குத் தேவை இல்லை என்று எழுதிவிடுவார்கள். அடுத்த வருஷம் நாற்பது வராது. இருபது வரும். அலுவலகத்தில் எழுத்தரே தேவையில்லை என்றுகூட எழுதுவார்கள்.

மனு வேண்டும். எந்த மனுவானாலும் சரி. மூலைக்கு ஓடிப்போய் ஒரு தாளை உருவினார். மாசிலாமணியின் படிவம். கட்டத்தைப் பார்த்தார். அசந்துபோனார். ஆள் அனுப்பினார்.

"என்ன பெரியவரே, கடிச்சிருக்கீங்களே! அதுவும் எத்தனை கடி! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நான் எங்கே ஐயா கடி..."

கோமு அவன் காலை மிதித்தாள். "அவர் கடிச்சதுதான். கோபம் வந்தா இப்படித்தான். வீட்டுல படுக்கிற சருகு ஒண்ணு முழுசா இல்லை."

உடும்பு தாளை வெளிச்சத்தில் பிடித்தார். கட்டம் முழுக்க ஓட்டை. ஓரமெல்லாம் அரிப்பு. விண்ணப்பதாரர் பெயரில்கூடப் பாதி இல்லை. சின்னச் சின்னக் கடி.

"பல் தேய்ஞ்சவர் கடிச்ச மாதிரித்தான் இருக்கு. பொருந்துது" என்றார். முத்திரை குத்தினார். முத்திரை ஓட்டை வழியாக மேசையில் விழுந்தது. பரவாயில்லை என்றார்.

அன்று சாயங்காலம் ஆற்றங்கரையில் 'கடக்' என்று ஒரு சத்தம். மான் தொடை எலும்பு. அடுத்து ஒரு சிரிப்பு. அது நிஜச் சிரிப்பு.

மறுநாளே தகராறு. தன் பேச்சால்தான் நடந்தது என்றார் மயில். தான் பெருந்தன்மையாக இரண்டாவது செட் கேட்காததால்தான் என்றது முதலை. விதிக்கு உட்பட்டே நடந்தது என்றார் உடும்பு. துணைக்குழுவும் ஏதோ சொல்லும், வந்து சேர்ந்ததும். மாசிலாமணி யாரையும் மறுக்கவில்லை. அவன் வாயில் எலும்பு இருந்தது.

கோமு மட்டும் ஒரு வேலை செய்தாள். ஒரு கைப்பிடி மக்கிய சருகை எடுத்துப்போய் அலுவலகத்தின் பின்மூலையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். யாருக்கு என்று உடும்புக்குப் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர், பாவம்.

நீதி: மனுவை அதிகாரியின் மேசையில் வைத்துக் கெஞ்சாதே, ஈரமான மூலையாகப் பார்த்து எறி. ஆபீசில் லீவு போடாமல், லஞ்சம் கேட்காமல், வந்த தாளை வரி விடாமல் கவனிக்கிற ஒரே ஆள் அங்கேதான் இருக்கிறார்: கரையான்.